மூளைத் திசுவில் நீர் விரவல்: எண் தப்பினால் எங்கே பார்ப்பது

டர்பனில் எங்கள் ஸ்கேன் வேலை சனிக்கிழமை இரவில்தான் நடக்கும். கருவி மனிதர்களுக்கான 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ., வாரம் முழுக்க அதில் நோயாளிகள். கடைசி ஆளும் கிளம்பிய பிறகு மேசையில் பிளாஸ்டிக் விரித்து, இரண்டு உறை போட்ட டப்பாவில் ஆட்டு மூளையையோ, வேறு கூடத்திலிருந்து ஃபார்மலினில் ஊறி வந்த மோல்-ராட் (மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் கொறிவிலங்கு) மூளையையோ வைத்து, அதற்குள் தண்ணீர் எந்தத் திசையில் எவ்வளவு விரவுகிறது என்று அளக்கிறோம். சிறு விலங்குக்கென்று செய்த கருவி எங்களிடம் இல்லை. அதனால் தப்பு வருவதற்கான வழிகள் கொஞ்சம் அதிகம், கற்றுக்கொண்டதும் அதிகம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், கேப் டவுன், ஜொகனஸ்பர்க் என்று அங்கங்கே இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் போன் பண்ணிக் கேட்பது பெரும்பாலும் ஒரே சில கேள்விகள்தான். "அண்ணா, ஏ.டி.சி. பாதிகூட வரவில்லை", "அண்ணா, நார் எல்லாம் குறுக்கே ஓடுகிறது". ஏ.டி.சி. என்பது படத்திலிருந்து கணக்கிடும் விரவல் கெழு, நார் என்பது அதே படத்திலிருந்து வரையும் நரம்பு நார்களின் திசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட, அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ அங்கே நேராகப் போகலாம், ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் படித்துவிடுங்கள்.

எதற்கும் முன்னால்: தண்ணீர்க் குழாய்

மூளைக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுத்தமான தண்ணீர் வையுங்கள். ஒவ்வொரு ஸ்கேனிலும், ஒன்றுகூட விடாமல். தண்ணீரின் விரவல் கெழு வெப்பநிலை தெரிந்தால் தெரிந்த எண், அதில் விவாதமே இல்லை. சதுர மைக்ரோமீட்டர்/மில்லிவினாடி என்ற அலகில் (இனி எண்ணை மட்டும் சொல்கிறேன், விரவல் எண் எல்லாம் இதே அலகு) பனிக்கட்டி மிதக்கும் தண்ணீரில் 1.1, 20 டிகிரியில் 2.0, 25 டிகிரியில் 2.3, உடல் சூடான 37 டிகிரியில் ஏறத்தாழ 3.0. அதாவது ஒரு டிகிரி ஏறினால் 2 முதல் 3 சதவீதம் ஏறும். ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் வெப்பநிலையை எழுதி வையுங்கள்.

குழாய் தப்பான எண் காட்டினால் கோளாறு கருவியிலோ கணக்கிலோ இருக்கிறது, மூளையைத் தொட வேண்டாம். குழாய் சரி, மூளை மட்டும் விசித்திரம் என்றால் திசுவைப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த ஒரு பிரிப்பைச் செய்யாததால்தான் வாரக்கணக்கில் நேரம் போகிறது.

இரண்டு எச்சரிக்கை. குழாய் மெல்லியதாகவே இருக்கட்டும். அகலமான பாட்டிலில், அதுவும் அறையைவிடச் சூடான தண்ணீரில், வெப்பச்சலனம் ஓடும், தண்ணீர் தானாகவே சுழலும், அது விரவலாகக் கணக்கில் ஏறி எண்ணை உயர்த்திவிடும். இன்னொன்று, குழாயின் எண்ணைப் பி மதிப்பு (படம் விரவலுக்கு எவ்வளவு உணர்திறன் என்ற எண், அலகு வினாடி/சதுர மில்லிமீட்டர்) 1000 அல்லது அதற்குக் கீழே உள்ள படங்களிலிருந்து மட்டும் எடுங்கள், ஏன் என்பது கீழே வரும்.

"ஏ.டி.சி. பாதிகூட வரவில்லை"

இது பெரும்பாலும் பிழையே இல்லை. உயிருள்ள மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் 0.7, 0.8 என்று படித்துவிட்டு, தன் ஜாடியில் இருக்கும் மூளையில் 0.25 பார்த்ததும் பயந்து போகிறார்கள். மூன்று காரணம் சேர்ந்து எண்ணை இறக்குகிறது. முதலாவது சாவு. இரத்தம் நின்றதும் செல்லின் அயனிப் பம்புகள் நின்று, தண்ணீர் செல்லுக்குள் புகுந்து செல் வீங்கும், விரவல் சட்டென்று குறையும். 1990-இல் மோஸ்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் பூனைகளின் மூளையில் இரத்த ஓட்டத்தை அடைத்து, சாதாரண டி2 படத்தில் (டி2 என்பது சிக்னல் தேயும் நேரம்) ஒன்றும் தெரியாத நேரத்திலேயே விரவல் படத்தில் அந்த இடம் தெரிவதைக் காட்டினார்கள். இன்று பக்கவாத நோயாளிக்கு மருத்துவமனையில் எடுக்கும் படத்தின் வேர் அந்த விலங்குகளில்தான் இருக்கிறது. இரண்டாவது ஃபார்மலின், புரதங்களைக் குறுக்கே கட்டிப்போடுகிறது. மூன்றாவது வெப்பநிலை, 37 டிகிரி மூளையை 20 டிகிரி அறையில் அளக்கிறீர்கள். இவை மூன்றும் சேர்ந்தால் உயிருள்ள மூளையின் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு வருவது இயல்பு.

பிழை எங்கே என்றால், பி மதிப்பை மாற்றாமல் விடுவதில். பி 1000-இல் உயிருள்ள மூளையின் சிக்னல் பாதியாகக் குறையும், 0.7 என்றால் மீதம் 50 சதவீதம். அதே பி 1000-இல் 0.25 உள்ள ஜாடி மூளையில் மீதம் 78 சதவீதம். இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் திசைக்குத் திசை வேறுபாட்டைத் தேடினால் இரைச்சல்தான் கிடைக்கும். ஃபார்மலின் மூளைக்குப் பி 3000-இலிருந்து 4000 வரை போங்கள்.

ஆனால் இங்கே மனிதர் கருவியின் வலி தொடங்குகிறது. கிரேடியன்ட் என்பது இடத்துக்கு இடம் சீராக மாறும்படி கருவி சேர்க்கும் காந்தப்புலம், அதை இரண்டு துடிப்பாகப் போட்டுத்தான் விரவலை அளக்கிறோம். பி என்பது கிரேடியன்ட் வலிமையின் வர்க்கம், துடிப்பு நீளத்தின் வர்க்கம், இவற்றோடு இரண்டு துடிப்பின் தொடக்கங்களுக்கு இடையிலான நேரத்திலிருந்து துடிப்பு நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்த மீதி, இவற்றின் பெருக்கல் (அப்புறம் புரோட்டானின் மாறிலி, அதுவும் வர்க்கத்தில்). ஸ்டெய்ஸ்கலும் டானரும் 1965-இல் எழுதியது, இன்றும் அதே சூத்திரம். சிறு விலங்குக் கருவியில் மீட்டருக்கு 400 மில்லிடெஸ்லா கிடைத்தால், 5 மில்லிவினாடித் துடிப்பு, 12 மில்லிவினாடி இடைவெளியில் பி ஏறத்தாழ 2960 வந்துவிடும். எங்களிடம் 40 மில்லிடெஸ்லா. அதே பி-க்குத் துடிப்பு 30 மில்லிவினாடிக்கு மேல் நீள்கிறது, எக்கோ நேரம் (சிக்னலைக் கிளப்பியதிலிருந்து படிக்கும்வரை ஆகும் நேரம்) 90-க்குப் போகிறது. ஃபார்மலின் மூளையின் டி2 45 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், 90-இல் சிக்னல் 13 சதவீதம்தான் மிச்சம். 25-இல் படம் எடுக்க முடிந்தவருக்கு 57 சதவீதம் கிடைக்கும்.

இதற்கு மருந்து கழுவுவது. ஃபார்மலின் திசுவுக்குள் இருக்கும்வரை டி2 குட்டையாகவே இருக்கும். பாஸ்பேட் பஃபர் உப்புநீரில் ஊறவைத்துத் திரும்பத் திரும்ப மாற்றினால் ஃபார்மலின் வெளியேறி டி2-வின் பெரும்பகுதி மீளும். எலி மூளைக்குச் சில நாட்கள் போதும். ஆட்டு மூளைக்கு வாரக்கணக்கு, ஏனென்றால் இதுவும் விரவல்தான், தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சிறிது சோடியம் அசைடு சேர்ப்பார்கள், அது கடும் விஷம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். ஃபார்மலின் ஜாடியையும் புகைபோக்கி அலமாரிக்கு வெளியே திறக்கவே வேண்டாம்.

இன்னொரு சங்கதி இங்கேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் நடுவில் ஒரு சாயலும் ஓரத்தில் ஒரு சாயலுமாக, வெங்காயத்தை வெட்டினது மாதிரி வளையம் தெரிந்தால், மூளை முழுசாக ஃபார்மலினில் முக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளி ஓரம் உடனே கெட்டிப்பட்டிருக்கும், நடுப்பகுதி ஃபார்மலின் வருவதற்குள் அழுகத் தொடங்கியிருக்கும். கழுவல் பாதியில் நின்றாலும் இதே வளையம் வரும். கழுவலைத் தொடர்ந்தால் இரண்டாவது வகை மறையும், முதல் வகை மறையாது, அந்த மூளையின் நடுப்பகுதி எண்ணை எதற்கும் பயன்படுத்தாதீர்கள்.

"குழாயே தப்பாகக் காட்டுகிறது"

மூன்று அச்சிலும் தனித்தனியாகக் கிரேடியன்ட் போட்டு அளந்து பாருங்கள். ஒரு அச்சு மட்டும் விலகினால் அந்தக் கிரேடியன்ட்டின் அளவுத்திருத்தம் சரியில்லை. கிரேடியன்ட்டில் 2 சதவீதப் பிசகு பி-யில் 4 சதவீதமாகும், வர்க்கம் அல்லவா. அல்லது குழாய் காந்தத்தின் நடு மையத்திலிருந்து தள்ளி இருக்கிறது. மனிதர் கருவியில் மையத்தைவிட்டு 10 சென்டிமீட்டர் போனாலே கிரேடியன்ட் சொன்னபடி கேட்காது. டப்பாவை நகர்த்தி மையத்துக்குக் கொண்டுவந்து மறுபடி எடுங்கள், முக்கால்வாசி நேரம் அங்கேயே சரியாகிவிடும்.

மூன்று அச்சிலும் ஒரே அளவு விலகினால் வெப்பநிலையைச் சந்தேகிக்கணும், அடுத்து கணக்கை. மேலே சொன்ன "மூன்றில் ஒரு பங்கைக் கழி" என்பதை மறந்து பி-யைத் தானே கணக்கிட்ட ஒருவரின் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். துடிப்பு 30, இடைவெளி 38 என்றால், 28 வரவேண்டிய இடத்தில் 38 வைத்திருந்தார். 36 சதவீதம் போச்சு.

மிக நுண்ணிய படம் எடுப்பவர்களுக்கு ஒன்று. பி பூஜ்யம் என்று நீங்கள் நினைக்கும் படத்தில் பி பூஜ்யம் இல்லை. துண்டைத் தேர்ந்தெடுக்கும் கிரேடியன்ட்டும் படிக்கும் கிரேடியன்ட்டும்கூடத் தண்ணீரைக் கொஞ்சம் விரவலுக்கு உணர்திறன் ஆக்குகின்றன, விரவல் கிரேடியன்ட்டோடு குறுக்குப் பெருக்கலாகச் சேர்ந்தும் விளையாடுகின்றன. கருவி தரும் முழுப் பி அணியைப் பயன்படுத்துங்கள், நீங்கள் கேட்ட எண்ணை அல்ல.

"பி ஏற ஏற ஏ.டி.சி. இறங்குகிறது"

நிறையப் பேர் இதைப் பெரிய கண்டுபிடிப்பாக எடுத்துக்கொள்ளும் இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எம்.ஆர்.ஐ. படத்தில் நீங்கள் பார்ப்பது அளவு மட்டும், குறி இல்லை. இரைச்சல் எதிர்மறையாகப் போனாலும் படத்தில் நேர்மறையாகவே வரும். அதனால் சிக்னல் எவ்வளவு குறைந்தாலும் ஒரு தரைக்குக் கீழே போகாது. அந்தத் தரை இரைச்சல் அளவின் ஏறத்தாழ 1.25 மடங்கு. 20 டிகிரித் தண்ணீர்க் குழாயைப் பி 3000-இல் எடுங்கள். சிக்னல் ஆயிரத்தில் இரண்டரைப் பங்காக வீழ வேண்டும். பி பூஜ்யத்தில் உங்கள் சிக்னல் இரைச்சலைப்போல் 100 மடங்கு இருந்தால் தரை ஆயிரத்தில் பன்னிரண்டரைப் பங்கு. தண்ணீர் தரையைத் தொட்டு நின்றுவிட்டது. இப்போது கணக்குப் போட்டால் 2.0 வரவேண்டிய இடத்தில் 1.46 வரும். தண்ணீரில் ஒன்றும் மாறவில்லை, தரையைத்தான் அளந்திருக்கிறீர்கள். குழாயைப் பி 1000-க்குள் படியுங்கள் என்று சொன்னது இதற்குத்தான்.

திசுவில் சிக்கல் என்னவென்றால், இந்தக் குறைவு உண்மையாகவும் நடக்கும். செல் சுவர்கள் தண்ணீரைத் தடுப்பதால் மூளையில் சிக்னல் ஒரே அடுக்குக்குறிக் கோட்டில் இறங்காது, பி ஏறும்போது கோடு வளையும், குர்ட்டோசிஸ் என்று அளப்பதே இந்த வளைவைத்தான். அப்படியானால் உங்கள் வளைவு திசுவா, தரையா? மூளைக்கு வெளியே வெற்றிடத்தில் சராசரிச் சிக்னலைப் பாருங்கள். உயர்ந்த பி-யில் மூளையின் சிக்னல் அந்த வெற்றிடச் சிக்னலைப்போல் இரண்டு மூன்று மடங்குக்குள் வந்துவிட்டால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். வெள்ளை நார்களுக்கு இணையான திசையில் முதலில் தரை தட்டும், ஏனென்றால் அங்கேதான் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. தரை அந்தத் திசையின் எண்ணை மட்டும் கீழே இழுப்பதால் எஃப்.ஏ.-வும் (விரவல் திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகிறது என்று காட்டும் எண்) சேர்ந்து குறையும், நார் சிதைந்துவிட்டது என்று தவறாகப் படித்துவிடுவீர்கள்.

பல தடவை எடுத்துச் சராசரி போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். அளவுப் படங்களைச் சராசரி எடுத்தால் தரை அங்கேயே நிற்கும், தரை வழவழப்பாகும், அவ்வளவுதான். அளவோடு கட்டமும் (சிக்னல் அலையின் நிலை) சேர்ந்த சிக்கலெண்ணாகச் சேமித்து, கட்டத்தைச் சரிசெய்து, அப்புறம் சராசரி எடுத்தால்தான் தரை இறங்கும். அதற்கு வழியில்லை என்றால் வாக்சலை (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) பெரிதாக்குங்கள். அரை மில்லிமீட்டர் படம் அழகாக இருக்கும், ஒரு மில்லிமீட்டர் படத்தில் சிக்னல் எட்டு மடங்கு. எனக்கு அழகைவிட எண் முக்கியம்.

"மூளையின் ஓரத்தில் கறுப்பு ஓட்டை"

காற்றுக்குமிழி. வேறு எதையும் தேட வேண்டாம்.

காற்றின் காந்த ஏற்புத்திறன் திசுவிலிருந்து வேறு, அதனால் குமிழியைச் சுற்றிக் காந்தப்புலம் நெளியும், ஈ.பி.ஐ. என்ற அதிவேக முறையில் எடுத்த படம் அந்த இடத்தில் கறுத்து, பக்கத்தில் இழுபட்டு வெளுத்துக் கிடக்கும். ஆட்டு மூளையின் மடிப்புகளில் குமிழி ஒளிந்துகொள்ள ஏராளமான இடம். ஒரு தடவை எங்கள் ரேடியோகிராபர் அக்கா, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், ஆயா சமைத்த தலைக்கறியைப் பார்த்தே ஆட்டு மூளையைத் தெரிந்துகொண்டவர், ஜாடியை விளக்குக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்தார். பெரிய மடிப்பொன்றின் உள்ளிருந்து கடுகளவு வெள்ளிமுத்து ஒன்று நழுவி, மடிப்பின் விளிம்பு வரை வந்து, அங்கே மெல்லிய சவ்வில் மாட்டிக்கொண்டு நின்றது. நான் அதற்கு முன் அந்த மூளையை இரண்டு தடவை ஸ்கேன் செய்து, அந்த இடத்தில் "சிதைவு" என்று குறித்து வைத்திருந்தேன். அக்கா மழுங்கிய ஊசியால் சவ்வைத் தூக்கிவிட்டார், முத்து மேலே போய்விட்டது. மூன்றாவது ஸ்கேனில் சிதைவு இல்லை.

ஆகவே ஸ்கேனுக்கு முந்தைய நாள் டப்பாவைத் திறந்தபடி வெற்றிட அறையில் வைத்துக் காற்றை இழுங்கள், மெதுவாக, அவசரப்பட்டால் குமிழி பெருத்துத் திசுவைக் கிழிக்கும். இடையிடையே எடுத்து மெதுவாக ஆட்டுங்கள். சாதாரண உப்புநீருக்குப் பதில் ஃபாம்ப்ளின் போன்ற ஃபுளோரின் திரவத்தில் மூழ்கடித்தால் இன்னும் நல்லது. அதில் ஹைட்ரஜன் இல்லாததால் படத்தில் கறுப்பாகவே இருக்கும், ஏற்புத்திறன் திசுவுக்குப் பக்கத்தில் இருக்கும், மூளையின் ஓரத்தோடு தண்ணீர்ச் சிக்னல் கலக்காது. ஒன்றை மறந்துவிடாதீர்கள், அந்தத் திரவம் தண்ணீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம், மூளை அதில் மிதக்கும். பிளாஸ்டிக் வலையாலோ கடற்பஞ்சாலோ (அதிலும் காற்று இருக்கும், பிழிந்துவிட்டு) கீழே அமுக்கி வைக்கணும். விலையும் அதிகம், வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துங்கள்.

கறிக்கடை ஆட்டுத் தலை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தலையைப் பிளக்க வேண்டாம் என்று முந்தின நாளே கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் வழக்கம்போல் ரம்பத்தால் நடுவே அறுத்துத்தான் தருவார். போல்ட் துப்பாக்கியால் மயக்கிய ஆடு என்றால் மூளை அந்த வழியில் நைந்திருக்கும், இரத்தமும் கசிந்திருக்கும், அதுவும் படத்தில் கறுப்பாகத்தான் வரும். வெட்டிய நேரத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். இறைச்சிக்கு வெட்டிய ஆடுதானே என்று நெறிமுறைக் குழுவைத் தாண்டிப் போகாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்துவதற்கு முதலில் 2008-இல் வந்த தேசியத் தரநிலை இருக்கிறது, எஸ்.ஏ.என்.எஸ். 10386, உங்கள் குழு அதை வைத்துத்தான் கேள்வி கேட்கும்.

"எஃப்.ஏ. படத்தில் மூளையைச் சுற்றி ஒரு வெள்ளை விளிம்பு"

திசைக்குத் திசை படம் நகர்ந்திருக்கிறது. ஒரு திசைப் படத்தில் ஓர வாக்சலில் மூளை, இன்னொரு திசைப் படத்தில் அதே வாக்சலில் வெறுமை. கணக்கு இதைப் பெரிய திசைச்சார்பு என்று எடுத்துக்கொள்கிறது. எல்லாத் திசைப் படங்களையும் அடுக்கி சினிமா மாதிரி ஓடவிடுங்கள், கண்ணுக்கே தெரியும்.

நகர்வு இரண்டு விதம். படம் நீண்டும் சுருங்கியும் சரிந்தும் தெரிந்தால் சுழல் மின்னோட்டம். பலமான கிரேடியன்ட் ஏறி இறங்கும்போது காந்தத்தின் உலோகப் பாகங்களில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, படம் பிடிக்கும் நேரத்திலும் மிச்சப் புலம் ஒட்டிக்கொண்டிருக்கும். கிரேடியன்ட்டின் குறியை மாற்றி அதே திசையை எடுத்தால் சரிவும் எதிர்ப்பக்கம் திரும்பும், அதுவே சோதனை. எஃப்.எஸ்.எல். மென்பொருளில் உள்ள எடி நிரல் இதைப் பெருமளவு திருத்தும்.

குறி மாற்றியும் திரும்பவில்லை, சில திசைகளில் படம் திடீர் திடீரென்று இருண்டு போகிறது என்றால் அது அதிர்வு. கிரேடியன்ட் ஓடும்போது மேசையே நடுங்கும், ஜாடிக்குள் மூளை தளதளவென்று ஆடும். மைக்ரோமீட்டர் கணக்கில் தண்ணீரின் நகர்வை அளக்கும் முறை இது, மூளையே ஆடினால் என்ன மிஞ்சும்? எந்த மென்பொருளும் இதைத் திருத்தாது. டப்பாவுக்குள் மூளை அசையாமல் அடையுங்கள், டப்பாவை மணல் பையால் இருபுறமும் இறுக்குங்கள், முடிந்தால் மேசையில் படாமல் சிக்னல் வாங்கும் காயிலுக்குள் நுரை வைத்து நிறுத்துங்கள். நாங்கள் இப்போது மூளையை அகார் கூழில் பதிக்கிறோம். கூழ் ஊற்றும்போது கை தாங்கும் சூட்டுக்கு ஆறியிருக்கணும், அப்புறம் மறுபடியும் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

படம் பாதி தள்ளி இன்னொரு மங்கலான மூளை தெரிவது வேறு கதை, அது ஈ.பி.ஐ. பேய், ஒற்றை இரட்டை வரிகளின் கட்டம் பொருந்தவில்லை. ஷிம் செய்துவிட்டு (காந்தப்புலத்தைச் சீராக்கிவிட்டு) மறுபடி எடுங்கள்.

"நார் எல்லாம் குறுக்கே ஓடுகிறது"

எஃப்.ஏ. படம் பார்க்க அருமையாக இருக்கும், அதனால்தான் இது கடைசிவரை பிடிபடாது. திசைப் பட்டியல் (எந்தெந்தத் திசையில் விரவல் கிரேடியன்ட் போட்டோம் என்ற பட்டியல்) முழுவதும் ஒரே மாதிரி திரும்பினாலோ ஒரு அச்சின் குறி மாறினாலோ ஏ.டி.சி.யும் எஃப்.ஏ.வும் ஒரு துளிகூட மாறாது. நாரின் திசை மட்டும் தப்பும்.

எங்களுக்கு இது வரக் காரணம் சாதாரணமானது. மனிதர் கருவி "தலை முதலில், மல்லாந்து" என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. டப்பாவில் ஆட்டு மூளையோ தரையில் நிற்கும் ஆட்டின் மூளை மாதிரி குப்புற இருக்கிறது, அல்லது டப்பாவுக்கு வசதியாகச் செங்குத்தாக நிற்கிறது. படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டுத் திசைப் பட்டியலைத் திருப்பாமல் விட்டால் முடிந்தது. படத்தை எத்தனை டிகிரி திருப்பினீர்களோ பட்டியலையும் அத்தனை டிகிரி திருப்பணும்.

சோதனைக்குக் கார்பஸ் கலோசம் போதும். இரு அரைக்கோளங்களை இணைக்கும் அந்த நார்க்கட்டு நடுக்கோட்டில் இடவலமாக ஓடுகிறது, வழக்கமான வண்ண முறையில் இடவலம் சிவப்பு, முன்பின் பச்சை, மேல்கீழ் நீலம். நடுவில் சிவப்பு இல்லையென்றால் அச்சுகள் இடம் மாறியிருக்கின்றன. சிவப்பாக இருந்தும் தப்பு இருக்கலாம், அதைக் கவனியுங்கள். குறி மாறினால் வண்ணம் மாறாது, ஏனென்றால் வண்ணம் குறியைப் பார்ப்பதில்லை. கலோசம் நடுவிலிருந்து விலகி மேலே வளையும் இடத்தில் சின்னக் கோடுகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். நாரின் வளைவோடு கோடு ஓடினால் சரி, வளைவை வெட்டிக்கொண்டு நின்றால் ஒரு அச்சின் குறியை மாற்றுங்கள். எம்ஆர்ட்ரிக்ஸ் மென்பொருளில் டிடபிள்யூஐகிராட்செக் என்ற கட்டளை எல்லாத் திருப்பலையும் போட்டுப் பார்த்து, எதில் நார் நீளமாகத் தொடர்கிறதோ அதைச் சொல்லும். அதை ஓட்டுங்கள், ஆனாலும் உங்கள் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பட்டியலில் திசைகளின் நீளம் 1-ஆக இல்லாமல் இருந்தால் சில மென்பொருள்கள் பி-யை அந்த நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கும், சில பெருக்காது. குழாயின் எண் இங்கேயும் காட்டிக்கொடுக்கும்.

"ராத்திரி தொடங்கிய எண் வேறு, விடியற்காலை எண் வேறு"

கிரேடியன்ட் மணிக்கணக்கில் ஓடினால் சுற்றியுள்ள காற்றும் டப்பாவும் சூடாகும். குளிரறையிலிருந்து நேராக எடுத்து வந்த மூளை என்றால் கேட்கவே வேண்டாம், முதல் சில மணி நேரம் எண் ஏறிக்கொண்டே போகும். 5 டிகிரி ஏறினால் 14 சதவீதம், நீங்கள் தேடும் வித்தியாசமே அதைவிடக் குறைவாக இருக்கலாம். மூளையை முந்தின நாளே ஸ்கேன் அறையில் வையுங்கள். உண்மையான ஸ்கேனுக்கு முன் அதே கிரேடியன்ட்டை ஒரு மணி நேரம் வெறுமனே ஓட்டுங்கள், சூடு ஒரு நிலைக்கு வரட்டும். திசைகளைக் கலைத்துப் போட்டு, எட்டுப் பத்துப் படத்துக்கு ஒரு பி பூஜ்யப் படம் நடுவே செருகுங்கள். பி பூஜ்யத்தை எல்லாம் முதலிலேயே எடுத்து முடித்தால் நகர்வைப் பிடிக்க வழியே இருக்காது.

இந்த ஊரில் இதோடு மின்வெட்டும் சேர்ந்தது. 2023-இல் அது மோசமாக இருந்த மாதங்களில் இரண்டு மணி, நாலு மணி நேரம் போய்விட்டு வரும். காந்தத்தின் புலம் அப்படியே நிற்கும், மீக்கடத்திச் சுருளில் மின்னோட்டம் தானாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. நிற்பது குளிரூட்டும் தண்ணீரும் ஹீலியம் கம்ப்ரசரும்தான். மின்சாரம் வந்த கையோடு ஸ்கேனைத் தொடங்கினால் கிரேடியன்ட் சுருளும் அதில் உள்ள ஷிம் இரும்பும் இன்னும் பழைய வெப்பநிலைக்கு வந்திருக்காது, காந்தப்புலம் மெல்ல நழுவும், ஈ.பி.ஐ. படம் கட்டத் திசையில் மெதுவாக வழுக்கிப் போவதைப் பார்க்கலாம். ஜெனரேட்டர் இருந்தாலும் அது குளிரூட்டிக்கும் சேர்த்துப் போடப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள், எங்களுக்கு அது தெரிய ஒரு முழு இரவின் தரவு போனது. நான் இப்போது மின்சாரம் வந்ததிலிருந்து இரண்டு மணி நேரம் விட்டு, குழாயை மட்டும் ஒரு தடவை அளந்து, எண் சரியாக இருந்தால்தான் மூளையை உள்ளே விடுவேன்.

உயிருள்ள விலங்கு என்றால்

நான் செய்தது குறைவு, உதவிக்குப் போயிருக்கிறேன். ஐசோஃப்ளூரேன் மயக்க மருந்தில் தூங்கும் எலியின் உடல் வெகு சீக்கிரம் குளிர்ந்துவிடும், குளிர்ந்தால் மேலே சொன்ன அதே சதவீதக் கணக்கில் எண் இறங்கும். அதைவிட முக்கியம், அந்த உயிர் தவிக்கும். சூடான தண்ணீர்ப் படுக்கையும் மலக்குடல் வெப்பமானியும் இல்லாமல் தொடங்காதீர்கள். மூச்சோடு தலை அசைந்தால் சில படங்கள் மட்டும் வரி வரியாக இருளும், தலையைப் பல்கம்பியிலும் காதுக்கம்பியிலும் நிறுத்தி, மூச்சுக்கு ஏற்றபடி படம் பிடிக்கும் நேரத்தை ஒத்துவையுங்கள். ஸ்கேன் நடுவே எண் திடீரென்று மூளை முழுக்க விழுந்தால் முதலில் ஓடிப்போய் விலங்கைப் பாருங்கள், அப்புறம் கருவியை. மோஸ்லி பார்த்தது ஞாபகம் இருக்கட்டும், மூச்சு நின்ற மூளையில் எண் நிமிடக் கணக்கில் விழும்.

இதையெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். வண்ணப் படமும் நார்ப் படமும் இப்போதைக்கு வேண்டாம். குழாயின் எண், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் எழுதிய வெப்பநிலை, பி பூஜ்யப் படம் ஒன்று, ஆக உயர்ந்த பி-யில் ஒன்று, திசைப் பட்டியல், மூளை டப்பாவில் எப்படிக் கிடந்தது என்று போனில் எடுத்த ஒரு போட்டோ. இந்த ஆறும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம், மூளையை அதற்குள் ஜாடியில் திரும்பப் போட்டு மூடி, பெயரும் தேதியும் பென்சிலால் எழுதி ஒட்டிவையுங்கள். பேனா மை ஃபார்மலின் பட்டால் அழிந்துவிடும்.